ஓதம் ஏறிய சுவரும் உடலின் காவற்படையும்

(மழைக்காலத்திற்கு முன்னர் நடைபெற்ற பஞ்சாயத்து அங்கத்தினர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவின் வாசகம்)



இத்தகைய கூட்டங்களில் நாம் வழக்கமாகச் சாலை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவற்றைப் பற்றியே பேசுவோம். இன்று அவற்றைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, வீட்டுச் சுவரில் பூக்கும் பூசணத்தைப் பற்றிப் பேச விரும்புகிறோம். சுவரில் படரும் ஒரு கறைக்காக ஒரு கூட்டமா என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். அவ்வாறு நாமும் ஒரு காலத்தில் எண்ணியிருந்தோம். அந்த எண்ணம் தவறு என்பதை நமக்கு உணர்த்தியது ஒரு சிறுவனின் இளைப்பு.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தை நம்மில் எவரும் மறந்திருக்க முடியாது. மிக்ஜாம் புயல் ஆந்திரக் கரையைக் கடப்பதற்கு முன்னர், 3, 4 தேதிகளில் சென்னையிலும் திருவள்ளூர் மாவட்டத்திலும் பெருமழையைக் கொட்டிற்று. கொசஸ்தலையாறும் பக்கிங்காம் கால்வாயும் கரை மீறின. மணலி ஆலைப் பகுதியிலிருந்து வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எண்ணூர்க் கழிமுகம் வரை பரவிற்று. காட்டுக்குப்பம், முகத்துவாரக் குப்பம், நெட்டுக்குப்பம், தாழங்குப்பம் ஆகிய இடங்களில் படகும் வலையும் கறுத்துப் போயின. வீட்டுச் சுவர்களிலே நீர் நின்ற மட்டம் கறுப்புக் கோடாக நெடுநாள் தெரிந்தது. அக்குப்பங்கள் மாநகராட்சி எல்லைக்குள் இருப்பவை. நம் கிராமங்கள் அதற்கு அப்பால் உள்ளவை. ஆயினும் ஆறு ஒன்றே, வெள்ளமும் ஒன்றே. எல்லைக் கல்லைப் பார்த்து வெள்ளம் நிற்பதில்லை.

நாம் செய்த தவறு

வெள்ளம் வடிந்த பின் நாம் அரிசி வழங்கினோம், போர்வை வழங்கினோம், குளோரின் கலந்த குடிநீர் கிடைக்க ஏற்பாடு செய்தோம். பொங்கல் நெருங்கியபோது, தெருக்கள் பொலிவாக இருக்க வேண்டுமென்னும் ஆர்வத்தினால், வீடுகளுக்கு வெள்ளையடிக்கும்படி ஊக்கமளித்தோம். சுவர் உள்ளே உலர்ந்ததா என்று ஒரு வீட்டிலேனும் நாம் தொட்டுப் பார்க்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு குப்பத்திற்குச் சென்றிருந்தோம். ஒரு வீட்டில் வெள்ளைப்பூச்சைத் தள்ளிக்கொண்டு, தரையிலிருந்து முழங்கை உயரத்திற்குக் கறுப்புப் புள்ளிகள் வெளிப்பட்டிருந்தன. அச்சுவரையொட்டிய பாயில், ஏறக்குறைய ஒன்பது வயதுள்ள ஒரு சிறுவன் படுக்க முடியாமல் குனிந்து உட்கார்ந்து, தோள்களை உயர்த்தி உயர்த்தி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். அவனுடைய பாட்டியார் நம்மைப் பார்த்து, “வெள்ளை அடிக்கச் சொன்னீங்க ஐயா, அடிச்சோம். சுவரு வெளுத்துச்சு; பிள்ளைக்கு மூச்சு வெளுக்கலையே!” என்றார். அச்சொல்லுக்கு நம்மிடம் விடையில்லை. அதற்குப் பிறகுதான் மருத்துவர்களைக் கேட்டும், நூல்களைப் படித்தும் இவ்விஷயத்தைத் தெரிந்துகொள்ள முற்பட்டோம். அவ்வாறு தெரிந்துகொண்டதை உங்களிடம் ஒப்படைக்கவே இன்று வந்திருக்கிறோம்.

பூசணம் என்பது யாது?

பூசணம் நமக்குப் புதியதன்று. ஊறுகாய்ச் சாடியிலும், நனைந்த செருப்பிலும், மழையில் நின்ற வைக்கோற் போரிலும் அதைக் கண்டிருக்கிறோம். அது காளான் இனத்தைச் சேர்ந்த உயிர். காய்ந்த இலையையும் சாணத்தையும் மக்கச் செய்து வயலுக்கு எருவாக்கும் உயிர்களில் அதுவும் ஒன்று. 1928-ஆம் ஆண்டில் அலெக்ஸாண்டர் பிளெமிங் பெனிசிலினைக் கண்டதும் ஒரு பூசணத்திலிருந்தே. ஆகையால் பூசணம் முழுவதும் பகையென்று சொல்லுதல் பொருந்தாது. அது வயலில் இருக்கட்டும். படுக்கையறையில் வேண்டாம் என்பதே நம் கட்சி.

நெல்லுக்கு மணி எப்படியோ, பூசணத்திற்கு வித்து அப்படி. அவ்வித்துக்கள் கண்ணுக்குப் புலனாகாத் துகள்கள். அஸ்பர்ஜிலஸ் என்னும் வகையின் வித்து, ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அதில் இரண்டு மூன்று கூறு அளவே இருக்கும். காற்று உள்ள இடமெல்லாம் அவை மிதக்கின்றன. நாம் ஒவ்வொருவரும் நாள்தோறும் நூற்றுக்கணக்கான வித்துக்களைச் சுவாசித்துக்கொண்டே இருக்கிறோம். விதை எங்கும் இருந்தாலும் ஈரம் உள்ள நிலத்தில்தானே முளைக்கும்? அவ்வாறே, நனைந்த சுவரும் பாயும் மெத்தையும் ஓரிரு நாட்களுக்குள் உலராவிட்டால் அங்கே பூசணம் முளைக்கத் தொடங்குகிறது.

உடலின் காவல்

இவ்வளவு வித்துக்கள் உள்ளே சென்றும் நம்மில் பெரும்பாலோர் நலமாக இருப்பது எவ்வாறு? உடலில் படிப்படியாக அமைந்துள்ள காவலே அதற்குக் காரணம்.

முதற் காவல் மூக்கிலும் மூச்சுக் குழாயிலும் இருக்கிறது. பெரிய துகள்கள் அங்குள்ள சளியில் ஒட்டிக்கொள்கின்றன. குழாயின் உட்புறத்திலுள்ள நுண்ணிய மயிரிழைகள், வயற்காற்றில் நாற்று அசைவதைப் போல் ஓயாது அசைந்து, அச்சளியை மேலே தள்ளுகின்றன. தும்மலும் இருமலும் இக்காவலின் வேலைகளே. புகையும் தூசியும் இந்த இழைகளைச் சோர்வடையச் செய்யும். துறைமுகமும் ஆலைகளும் லாரிப் போக்குவரத்தும் நிறைந்த இப்பகுதியில் நமது முதற் காவலுக்கு ஏற்கெனவே வேலை அதிகம் என்பதை மறக்கலாகாது.

மிகச் சிறிய வித்துக்கள் இக்காவலைக் கடந்து சுவாசப்பையின் அடிவரை சென்றுவிடும். அங்கே இருப்பது இரண்டாம் காவல். அந்நியப் பொருளை விழுங்கிச் செரிக்கும் அணுக்கள் அங்கு நடமாடுகின்றன. இவ்வுண்மைக்கு அடிகோலியவர் ருஷ்ய விஞ்ஞானியான மெச்னிகாப். அவர் 1884-ஆம் ஆண்டில், கண்ணாடி போன்ற உடலையுடைய ஒரு நீர்ப் பூச்சியைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்து நோக்கினார். அதன் உடலினுள் காளான் இனத்து ஈஸ்ட் ஒன்றின் ஊசி போன்ற வித்துக்கள் புகுந்ததையும், அப்பூச்சியின் அணுக்கள் சூழ்ந்துகொண்டு அவற்றை விழுங்கியதையும் கண்டார். வித்துக்கள் சிலவாக இருந்தபோது பூச்சி பிழைத்தது. பலவாகப் பெருகியபோது மாண்டது. இந்த ஆராய்ச்சிக்காக 1908-இல் அவர் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். காவல் எவ்வளவு வலியதாயினும் அதன் தாங்கும் அளவுக்கு ஓர் எல்லை உண்டு என்பது அந்தச் சிறு பூச்சி நமக்குச் சொல்லும் பாடம்.

இன்னொரு வியப்பும் உண்டு. உறங்கும் வித்தின்மேல் மெல்லிய புரதப் போர்வை ஒன்று இருக்கிறது. அப்போர்வை இருக்கும்வரை உடலின் காவலர் பெரும் ஆரவாரம் செய்வதில்லை. இதனை 2009-ஆம் ஆண்டில் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தாரும் பிறரும் கண்டு வெளியிட்டனர். நாள்தோறும் உள்ளே வரும் ஒவ்வொரு வித்துக்கும் உடல் போர் தொடுத்தால் சுவாசப்பை புண்ணாகிவிடுமல்லவா? வித்து ஈரம் ஏற்று, பருத்து, முளைவிடத் தொடங்கும்போது போர்வை கிழிகிறது. உள்ளிருக்கும் சர்க்கரைச் சங்கிலிப் பொருள் வெளிப்படுகிறது. அதை அடையாளம் கண்டதும் காவலணுக்கள் ஓலை அனுப்பி, இரத்தத்திலிருந்து வெள்ளணுப் படையை வரவழைக்கின்றன. காளானை இவ்விதம் அடையாளம் காணும் திறன் பழமையானது. 1996-ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி ஜூல்ஸ் ஹாப்மன் குழுவினர், ‘டோல்’ என்னும் ஒரு கூறு பழுதுபட்ட பழ ஈக்கள் பூசணம் படர்ந்து மடிவதைக் காட்டினர். இத்துறையில் செய்த பணிக்காக 2011-இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

காவலே தொல்லையாகும்போது

காவற்காரன் அயலானைப் பிடித்தால் நன்மை. காற்றில் ஆடும் சோளக்கொல்லைப் பொம்மையைத் திருடனென்று எண்ணி ஊரையே எழுப்பினால்? ஓத வீட்டில் நிகழும் துன்பங்களில் பெரும்பாலானவை இவ்வகையைச் சேர்ந்தவை.

சிலருடைய உடல், பெரும்பாலும் குடும்ப வழியாக, இத்தகைய மிகையுணர்ச்சிக்கு இடங்கொடுப்பதாய் இருக்கும். அவர்கள் பூசண வித்துக்களைத் தொடர்ந்து சுவாசித்தால், அவ்வித்துக்கெதிராக ‘ஐ-ஜி-இ’ என்னும் எதிர்ப்பொருளை உடல் உண்டாக்குகிறது. அமெரிக்காவில் ஆராய்ந்த இஷிஸாகா என்னும் ஜப்பானியத் தம்பதியரும், ஸ்வீடன் நாட்டு ஜோஹன்ஸன், பென்னிச் ஆகியோரும் 1966, 1967-ஆம் ஆண்டுகளில் இதனைக் கண்டறிந்தார்கள். இந்த எதிர்ப்பொருள் மூக்கிலும் மூச்சுக் குழாயிலும் உள்ள சில அணுக்களின்மேல் சென்று தங்கிக் காத்திருக்கும். அதுவரை நோய்க்குறி எதுவும் தோன்றாது. பின்பு அதே பூசணம் மறுபடி வரும்போது அவ்வணுக்கள் வெடித்தாற்போல் ஹிஸ்டமின் முதலியவற்றைக் கக்கும். அதனால் மூக்கு ஒழுகும்; கண் அரிக்கும்; மூச்சுக் குழாய் சுருங்கி, வீங்கி, சளியால் அடைபடும். இதுவே இளைப்பு. ஒரே வீட்டில் நால்வர் நலமாயிருக்க ஒரு குழந்தை மட்டும் திணறுவது இதனாலேதான். “மற்றவருக்கு ஒன்றுமில்லையே, இவனுக்கு மட்டும் ஏன்?” என்று அக்குழந்தையைக் குறை கூறுதல் அறியாமையாகும்.

இங்கே ஒரு முக்கியமான விஷயத்தைக் கவனிக்க வேண்டும். எதிர்ப்பொருள் பார்ப்பது வித்தின் உருவத்தையே. அதற்கு உயிர் இருக்கிறதா இல்லையா என்பதையன்று. செத்த பூசணமும் இளைப்பை உண்டாக்கும். ஆகையால் மருந்து தெளித்துக் கொன்றுவிட்டு அப்படியே விடுவதோ, மேலே பெயிண்ட் பூசி மறைப்பதோ பயன் தராது. அதைக் கழுவி அகற்ற வேண்டும்; அதற்கு நீரூட்டும் ஈரத்தையும் நிறுத்த வேண்டும்.

விவசாயப் பெருமக்களுக்கு மற்றொன்று. மழையில் நனைந்து சூடேறிய வைக்கோலை உதறும்போது எழும் தூசியில், பூசண வித்துக்களும், பூசணம் போலத் தோன்றும் ஒருவகைப் பாக்டீரியாவும் கோடிக்கணக்கில் பறக்கும். அதைப் பன்முறை சுவாசித்த சிலருக்கு, வேலை முடிந்து நான்கு முதல் எட்டு மணி நேரத்திற்குள் குளிர், காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சுத் திணறல் ஆகியவை தோன்றும். இரண்டொரு நாளில் தணியும். மறுபடி வைக்கோலைத் தொட்டால் மறுபடி வரும். 1932-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் காம்ப்பெல் என்னும் மருத்துவர் இதனை விவரித்தார். ‘விவசாயி நுரையீரல் நோய்’ என்றே இதற்குப் பெயர். இங்கு வேலை செய்வது வேறுவகை எதிர்ப்பொருள்களும் வெள்ளணுக்களுமாம். சாதாரணக் காய்ச்சலென்று கருதி ஆண்டுக்கணக்கில் விட்டுவிட்டால், சுவாசப்பை தழும்பேறி விறைத்துவிடும். அத்தழும்பு பின்னர் நீங்குவது அரிது. ஆகையால், “வைக்கோல் பிரித்த அன்று மாலை எனக்குக் காய்ச்சல் வருகிறது” என்று டாக்டரிடம் மறவாமற் சொல்லுங்கள்.

இளைப்பு நோயுள்ளவர் சிலருக்கு அஸ்பர்ஜிலஸ் பூசணம் மூச்சுக் குழாய்ச் சளியிலேயே தங்கி வளர்ந்து, ஓயாத ஒவ்வாமையை உண்டாக்குவதும் உண்டு. எக்ஸ்-ரே படத்தில் அது காசநோய் போலக் காட்சியளிக்கக்கூடும். அதனால் காசநோயென்றே கருதிச் சிகிச்சை செய்ய நேர்ந்ததும் நம் நாட்டில் உண்டு. இதைக் கேட்டு எவரும் காசநோய் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட வேண்டாம். சளிப் பரிசோதனையில் கிருமி காணாமல், இளைப்பும் தீராமல் இருந்தால், மருத்துவரிடம் இதையும் கேளுங்கள் என்பதே நம் வேண்டுகோள்.

கரும்பூஞ்சையும் கறுப்புச் சுவரும்

2021-ஆம் ஆண்டில், கோவிட் நோயின் இரண்டாம் அலையின்போது, கரும்பூஞ்சை நோய் நாட்டைக் கலக்கியது. அவ்வாண்டு மே மாதத்தில் தமிழ்நாடு அரசாங்கம் அதனை அறிவிக்கத்தக்க நோயாகப் பிரகடனம் செய்தது. அந்த நினைவினால், சுவரில் கறுப்பைக் கண்டதும் சிலர் அஞ்சுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. அந்நோயை உண்டாக்கும் காளான் மண்ணிலும் மக்கிய பொருளிலும் இருப்பது. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாதது. கட்டுக்கடங்காத நீரிழிவும், ஸ்டீராய்டு மருந்தும், கோவிட் நோயும் சேர்ந்து உடலின் காவலைத் தளர்த்திய இடத்திலேதான் அது பெரும்பாலும் உட்புகுந்தது. சுவர்ப் பூசணத்தின் நிறத்தைக் கொண்டு அதன் தீமையை அளக்க முடியாது. ஆயினும், கட்டுக்கடங்கா நீரிழிவுள்ளவர்களும், புற்றுநோய்ச் சிகிச்சையிலுள்ளவர்களும், மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களும் பூசண வீட்டில் படுப்பதையும், அதைச் சுரண்டுவதையும் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

உலக சுகாதார நிறுவனம் 2009-ஆம் ஆண்டில் இதற்கென்றே ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டது. ஓத வீடுகளில் வாழ்வோருக்கு இருமலும் இளைப்பும் மூச்சுக் குழாய்த் தொற்றும் கூடுதலாக உண்டு என்றும், வீட்டுக் காற்றில் இத்தனை வித்து வரை தீங்கில்லை என்று வரையறுக்க இயலாது என்றும் அது கூறுகிறது. ஆகவே காற்றைச் சோதிக்க எவரும் பணம் செலவிட வேண்டியதில்லை. கண்ணும் மூக்கும் போதும். ஈரத்தைத் தேடிப் பிடித்து நிறுத்துவதே பரிகாரம்.

வீட்டார் செய்யத்தக்கவை இவை. வெள்ளம் வடிந்ததும் பாய், தலையணை, கோணிப்பை ஆகியவற்றை வெளியேற்றி வெயிலில் உலர்த்துங்கள். உலர்த்த முடியாத பஞ்சு மெத்தையை இழக்கத் துணியுங்கள். ஈர வலையைப் படுக்குமிடத்தில் குவிக்காதீர்கள். பெட்டியையும் பீரோவையும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். கடற்காற்றில் ஈரம் உண்டு. ஆயினும் ஓடும் காற்றும் வெயிலும் சுவரை உலர்த்தும். ஆகையால் வெயில் உள்ள வேளையில் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து, மழை வேளையில் மூடுங்கள். பூசணத்தைக் காய்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள். அது வித்தை விதைப்பதற்கு ஒப்பாகும். சுவரை நனைத்து, சோப்பு நீரால் தேய்த்துத் துடைத்து, உலர விடுங்கள். அவ்வேளையில் என்-95 முகமூடியும் கையுறையும் அணியுங்கள். துணியை மூக்கில் கட்டுவது வித்தைத் தடுக்கப் போதாது. இளைப்புள்ளவரும் குழந்தைகளும் அங்கே நிற்க வேண்டாம். பிளீச்சிங் பவுடரை அமிலத்தோடோ அம்மோனியாவோடோ கலப்பது உயிருக்கே ஆபத்து.

வெள்ளையடிக்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு முழச் சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். தாளின் உட்புறத்தில் நீர் முத்துக்கள் கோத்திருந்தால் சுவர் இன்னும் உலரவில்லை. உலர்ந்த பின் சுண்ணாம்பே அடியுங்கள். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியேற விடும். பளபளக்கும் பெயிண்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும். இராயபுரத்துப் பழைய வீடுகளில் சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்டும் பெயிண்டும் பூசியபின் ஓதம் மேலேறுவது இதன் பொருட்டே.

பஞ்சாயத்தார் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, புதிதாகக் கட்டும் ஒவ்வொரு வீட்டிலும் கடைக்காலுக்கு மேல் ஓதத் தடுப்புப் படலம் இடப்படுவதையும், தரை 2023-ஆம் ஆண்டு வெள்ள மட்டத்திற்கு மேல் உயர்வதையும் பார்த்துக்கொள்வது. இரண்டாவது, கட்டுமானத்திற்கு நல்ல நீரையே பயன்படுத்தச் செய்வது. மீஞ்சூர்ப் பகுதியின் நிலத்தடி நீரில் கடலுப்பு ஏறியிருப்பது நெடுநாளாகத் தெரிந்த செய்தி. அந்நீரால் குழைத்த கலவையின் உப்பு, சுவருக்குள்ளிருந்து காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மூன்றாவது, மழைநீர் சுவரோரம் தேங்காமல் வடிகாலைச் சீர்செய்வது. அக்டோபர் 2-ஆம் நாள் கூடும் கிராம சபையில் இம்மூன்றையும் முன்வைத்துத் தீர்மானம் நிறைவேற்றுங்கள். வடகிழக்குப் பருவமழை அதற்குப் பிறகு நமக்கு அதிக அவகாசம் தருவதில்லை.

அச்சிறுவனின் வீட்டை மறந்துவிடவில்லை. சுவரோரம் தேங்கிய நீருக்கு வடிகால் வெட்டினோம். மூன்றடி உயரத்திற்குப் பூச்சைக் கொத்தி எடுத்து, ஒரு கோடை முழுவதும் உலர விட்டு, பின்னரே புதுப் பூச்சு பூசினார்கள். சுகாதார நிலையத்தில் அவனுக்கு உறிஞ்சும் மருந்து கொடுத்தார்கள். “அது பழகிவிடுமே” என்று பாட்டியார் அஞ்சினார். அது பழக்கமாகும் பொருளன்று, மூச்சுக் குழாயின் வீக்கத்தைத் தணிப்பது என்று நர்ஸ் அம்மையார் பொறுமையாக எடுத்துரைத்தார். இளைப்பு அடியோடு நீங்கிவிட்டதென்று நாம் சொல்ல மாட்டோம். இரவில் எழுந்து உட்காரும் நாட்கள் குறைந்திருக்கின்றன. பள்ளிக்குப் போகும் நாட்கள் கூடியிருக்கின்றன.

அன்பர்களே, உடலின் காவற்படை இரவும் பகலும் உறங்குவதில்லை. அதற்கு நாம் சம்பளம் கொடுப்பதில்லை, நன்றியும் சொல்வதில்லை. அதன் சுமையைக் குறைப்பதொன்றே நாம் செய்யக்கூடிய கைம்மாறு. இம்முறை வெள்ளையடிக்கு முன் சுவரைத் தொட்டுப் பாருங்கள் என்று உங்கள் அனைவரையும் கேட்டுக்கொள்கிறோம். நாமும் தொட்டுப் பார்க்கவே வருவோம்.